கடைசியாகப் பொருந்தும் பதிப்பு

விண்டோஸ் எக்ஸ்.பி. ஓடும் பழைய கணினியில் அண்மைக் காலத்து மென்பொருள் ஒன்றை நிறுவித் திறந்து பார்த்தால், பல நேரங்களில் ஒரு சிறிய பெட்டிதான் எழும்பும். ‘கெட்டிக்கவுண்ட்64’ என்ற செயற்கூற்றை ‘கெர்னல்32.டி.எல்.எல்.’ கோப்பில் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அதில் எழுதியிருக்கும். ஓகே பொத்தானை அழுத்தலாம், வேறொன்றும் செய்வதற்கில்லை. கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டியதுதான் என்று பலரும் அந்த இடத்திலேயே முடிவுகட்டிவிடுகிறார்கள். அது அவசர முடிவு. எது இல்லை, எந்தக் கோப்பில் இல்லை என்று அந்த ஒற்றை வரி துல்லியமாகச் சொல்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு, அந்தக் கணினியில் எந்தப் பதிப்பு ஓடும் என்பதைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை.

கெட்டிக்கவுண்ட்64 செய்யும் வேலை எளியது. கணினியை ஆன் செய்ததிலிருந்து எத்தனை மில்லிசெகண்டு கழிந்தது என்று எண்ணிச் சொல்லும். இதன் மூத்த வடிவமான கெட்டிக்கவுண்ட், அந்த எண்ணிக்கையை 32 பிட்டுகளில் வைத்திருந்தது. 32 பிட்டுகளில் 4,29,49,67,296 எண்களைத்தான் எழுத முடியும். இத்தனை மில்லிசெகண்டு என்பது 49.7 நாள். ஐம்பதாவது நாள் முடிவதற்குள் எண்ணிக்கை மறுபடி சுழியத்துக்குப் போய்விடும். வீட்டுக் கணினிக்கு இது பொருட்டில்லை. மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடும் சர்வர்களில், நேரத்தைக் கழித்துப் பார்க்கும் நிரல்கள் தப்புக் கணக்குப் போடும். இதற்குத் தீர்வாக, 2007இல் மக்கள் கைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் 64 பிட் எண்ணியைச் சேர்த்தார்கள். 2001 அக்டோபரில் வெளியான எக்ஸ்.பி.யின் கெர்னல்32 கோப்பில் அது இருக்க வழியே இல்லை.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மென்பொருளின் முதல் கட்டளை ஓடுவதற்கு முன்பே, அது கேட்கும் செயற்கூறுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று விண்டோஸ் பட்டியலை வைத்துச் சரிபார்க்கிறது. நூற்றுக்கணக்கான பெயர்களில் ஒன்று குறைந்தாலும் மென்பொருள் தொடங்காது. அந்த ஒன்று, நீங்கள் ஒருநாளும் தொடப்போகாத ஏதோ ஒரு மெனுவுக்கு மட்டும் தேவைப்படுவதாக இருக்கலாம். அப்போதும் இதே முடிவுதான். பொறுப்போடு எழுதும் நிரலாளர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். புதிய செயற்கூற்றைப் பட்டியலில் சேர்க்காமல், மென்பொருள் ஓடத் தொடங்கிய பிறகு ‘இது இருக்கிறதா?’ என்று கேட்டு, இல்லையென்றால் பழைய வழியில் வேலையை முடிப்பார்கள். வி.எல்.சி. பிளேயரின் 3.0 வரிசை எக்ஸ்.பி. சர்வீஸ் பேக் 3இல் இன்றும் ஓடுவதற்கு இத்தகைய உழைப்பு காரணம். ஆக, பழைய கணினியில் ஒரு மென்பொருள் ஓடுமா என்பது கணினியின் வயதை மட்டும் பொறுத்ததல்ல. எழுதியவர் எவ்வளவு தூரம் பின்னோக்கிப் பார்த்தார் என்பதையும் பொறுத்தது.

*

பழைய மென்பொருள் புதிய இயங்குதளத்தில் பெரும்பாலும் ஓடுகிறது. புதிய மென்பொருள் பழைய இயங்குதளத்தில் பெரும்பாலும் ஓடுவதில்லை. இது கம்பெனிகளின் வியாபார உத்தி என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. இயங்குதளம் எழுதுபவருக்குத் தனக்கு முன் வந்த மென்பொருள்கள் தெரியும். அவற்றை வாங்கி ஓட்டிப் பார்க்கலாம். பத்து ஆண்டு கழித்து வரப்போகும் மென்பொருளை அவர் எப்படி ஓட்டிப் பார்ப்பார்?

முன்னால் வந்தவற்றைக் காப்பாற்ற எந்த அளவுக்குப் போவார்கள் என்பதற்கு சிம்சிட்டி விளையாட்டு நல்ல சான்று. மைக்ரோசாப்டில் பணியாற்றிய ஜோயல் ஸ்போல்ஸ்கி இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்த விளையாட்டில் ஒரு பிழை இருந்தது. தனக்கு இனி வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த நினைவகத்தை அது உடனே மறுபடி படிக்கும். விண்டோஸ் 3 வரிசையில் அந்த நினைவகம் அப்படியே கிடந்ததால் பிழை வெளியே தெரியவில்லை. விண்டோஸ் 95இன் சோதனைப் பதிப்பில் விளையாட்டு படுத்துவிட்டது. தவறு விளையாட்டின் மேல்தான். ஆனாலும் விண்டோஸ் 95இல் சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் நினைவகத்தை உடனே திரும்ப எடுத்துக்கொள்ளாத தனி ஏற்பாட்டை மைக்ரோசாப்ட் நிரலாளர்கள் எழுதிச் சேர்த்தார்கள். இந்தக் காப்புக்கும் எல்லை உண்டு: 64 பிட் விண்டோஸில் 16 பிட் காலத்து நிரல்கள் அறவே ஓடுவதில்லை.

எதிர்த்திசைக்கு நம் பாக்கெட்டிலேயே உதாரணம் இருக்கிறது. விண்டோஸ் 7 வெளியானது 2009 அக்டோபர் 22. தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்த ரூபாய்க் குறியீட்டை மத்திய அரசு ஏற்றது 2010 ஜூலை 15. அதே ஆண்டு அக்டோபரில் வந்த யூனிகோடு 6.0 அந்தக் குறியீட்டுக்கு 20பி9 என்ற இடத்தைக் கொடுத்தது. அதற்கு ஓராண்டு முன்பே வெளியாகிவிட்ட விண்டோஸ் 7, எந்த எழுத்துருவிலும் அந்தக் குறியீட்டை வைத்திருக்கவில்லை. பில்லில் ₹ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் தெரிந்தது. பின்னர் மைக்ரோசாப்ட் கொடுத்த ஓர் அப்டேட்டை நிறுவிய பிறகுதான் சரியானது. இன்றும் ஒரு விண்டோஸ் 7 கணினியில் ரூபாய்க் குறியீடு கட்டமாகத் தெரிந்தால், அதில் அப்டேட்டுகள் எதுவும் நிறுவப்படவில்லை என்று சந்தேகிக்கலாம். தமிழ் எழுத்துருக்களிலும் இதே கதை. லதாவும் விஜயாவும் விண்டோஸ் 7இல் உண்டு. நிர்மலா விண்டோஸ் 8உடன் வந்தது. நிர்மலாவில் அமைத்த ஆவணத்தை விண்டோஸ் 7இல் திறந்தால் வேறொரு எழுத்துரு அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். எழுத்துகள் கெடாது, வரிகளும் பக்கங்களும் இடம் மாறும்.

*

ஒரு மென்பொருளை இரட்டைக் கிளிக் செய்தவுடன் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பிழைச்செய்திகளின் பொருள் அங்கேதான் இருக்கிறது.

விண்டோஸில் ஓடும் இ.எக்ஸ்.இ. கோப்பு எதுவானாலும் அதன் முதல் இரண்டு பைட்டுகள் எம், இசட் என்ற ஆங்கில எழுத்துகள். டாஸ் காலத்தில் இந்த வடிவத்தை உருவாக்கிய மைக்ரோசாப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரெழுத்துகள் அவை. நாற்பது ஆண்டுகளாக ஒவ்வொரு விண்டோஸ் மென்பொருளும் அவர் பெயரெழுத்துகளோடுதான் தொடங்குகிறது. அந்தத் தலைப்பகுதியில் உள்ள ஒரு குறிப்பு, கோப்பின் உண்மையான முகவரித் தாள் எங்கே இருக்கிறது என்று காட்டும். அந்தத் தாளில் முதலில் பார்க்கப்படுவது ப்ராசஸர் வகை. பதினாறடிமான எண்ணில் 14சி என்று இருந்தால் 32 பிட் இன்டெல் வகை. 8664 என்று இருந்தால் 64 பிட். 32 பிட் விண்டோஸில் 64 பிட் கோப்பைக் கொடுத்தால், உங்கள் விண்டோஸுக்கு இது பொருந்தாது, எக்ஸ்86 வேண்டுமா எக்ஸ்64 வேண்டுமா என்று பாருங்கள் என்ற செய்தி வரும். இது பதிப்புச் சிக்கலே அல்ல. அதே பதிப்பின் 32 பிட் இன்ஸ்டாலரை எடுத்தால் வேலை முடிந்தது.

அடுத்து, குறைந்தபட்சம் எந்த விண்டோஸ் தேவை என்ற எண். கடையில் விற்கும் பெயர் வேறு, உள்ளே இருக்கும் எண் வேறு. எக்ஸ்.பி. என்பது 5.1, விஸ்டா 6.0, விண்டோஸ் 7 என்பது 6.1, விண்டோஸ் 8 என்பது 6.2, விண்டோஸ் 8.1 என்பது 6.3. பிறகு ஒரே தாவலாக 10.0. கோப்பில் 6.0 என்று எழுதியிருந்தால் எக்ஸ்.பி. அதைத் திறக்காது; ‘இது முறையான வின்32 நிரல் அல்ல’ என்று சொல்லிவிடும். கோப்பில் எந்தக் குறையும் இல்லாதபோதும் இந்தச் செய்தி வருவதால், டவுன்லோடு பாதியில் அறுந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப இறக்குபவர்கள் நிறைய. விஷுவல் ஸ்டுடியோ 2012 முதலில் வந்தபோது, அதில் உருவாக்கிய நிரல்களில் எல்லாம் இந்த எண் 6.0 என்றே பதிந்தது. புதிய வசதி எதையும் பயன்படுத்தாத சின்னஞ்சிறு நிரல்கூட எக்ஸ்.பி.யில் திறக்காமல் போனது. நிரலாளர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் அதே ஆண்டு வந்த அப்டேட்டில் எக்ஸ்.பி.க்கான வழியைத் திறந்துவிட்டார்கள்.

மூன்றாவதாக, நாம் முதலில் பார்த்த செயற்கூறுப் பட்டியல். இதிலேயே இன்னொரு வகைத் தடங்கல் உண்டு: செயற்கூறு மட்டும் அல்ல, கோப்பே இல்லாமல் இருப்பது. விண்டோஸ் 7இல் மிக அதிகமானவர்கள் சந்தித்த செய்தி, ‘ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி’ என்று தொடங்கும் நீண்ட பெயருள்ள டி.எல்.எல். காணவில்லை என்பது. சி மொழியில் எழுதிய நிரல்களுக்கு அடிப்படையான நூலகத்தை விண்டோஸ் 10இலிருந்து இயங்குதளத்தின் பாகமாகவே மைக்ரோசாப்ட் வைத்தது. பழைய விண்டோஸுக்கு அதைத் தனி அப்டேட்டாகக் கொடுத்தது, எண் கே.பி. 2999226. இந்தச் செய்தியைப் பார்த்ததும் அந்த ஒற்றை டி.எல்.எல்.லை மட்டும் எங்கிருந்தோ இறக்கி சிஸ்டம் கோப்புறையில் போடும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். யார் எழுதியது என்று தெரியாத நிரலுக்கு வீட்டுச் சாவியைத் தானாகக் கொடுப்பது அது. அப்டேட்டை நிறுவினால் போதும். மென்பொருளின் பதிப்பைக் குறைக்கவே தேவையில்லை.

இதே வகையில் சேர வேண்டியது கையொப்பச் சிக்கல். மென்பொருளும் டிரைவரும் உண்மையானவைதானா என்று சரிபார்க்க டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. எஸ்.எச்.ஏ.-1 என்ற பழைய முறை உடையத்தக்கது என்று ஆனபின் எல்லாரும் எஸ்.எச்.ஏ.-2க்கு மாறினார்கள். விண்டோஸ் 7க்கு அதை முழுதாகப் புரிந்துகொள்ள 2019இல் வந்த கே.பி. 4474419 தேவை. பழைய டிவிடியிலிருந்து விண்டோஸ் 7ஐப் புதிதாக நிறுவியவர்கள், முதலில் சர்வீஸ் பேக் 1, பிறகு கே.பி. 4490628, அதன்பின் 4474419 என்ற வரிசையில் போட்டுவிட்டு மற்றவற்றைத் தொடங்கினால் பாதித் தொல்லை தீரும்.

இந்தச் சோதனைகளை எல்லாம் தாண்டி மென்பொருள் ஓடத் தொடங்கிய பிறகும் விழலாம். காரணம் ப்ராசஸர். 2000ஆம் ஆண்டு நவம்பரில் வந்த பென்டியம் 4, எஸ்.எஸ்.இ.2 என்ற கட்டளைத் தொகுதியைக் கொண்டுவந்தது. ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் வசதி. பென்டியம் 3இலும் ஏ.எம்.டி.யின் அத்லான் எக்ஸ்.பி.யிலும் அது கிடையாது. குரோம் 2014இல் 35ஆம் பதிப்போடும், விண்டோஸுக்கான பயர்பாக்ஸ் 2016இல் 49ஆம் பதிப்போடும் எஸ்.எஸ்.இ.2 இல்லாத ப்ராசஸர்களைக் கைவிட்டன. இயங்குதளம் சரியாக இருந்தும் ப்ராசஸர் அந்தக் கட்டளையை அறியாது. சி000001டி என்று முடியும் பிழை எண்ணோடு மென்பொருள் நின்றுவிடும். 2018 மார்ச்சில் இன்னொன்றும் நடந்தது. விண்டோஸ் 7க்கு வந்த மாதாந்திர அப்டேட்டே எஸ்.எஸ்.இ.2 இல்லாத கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. எட்டு ஆண்டுகளுக்கு மேலாக பென்டியம் 3இல் ஓடிய இயங்குதளம், தன் தேவையை நடுவழியில் கூட்டிக்கொண்டது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஓர் இயங்குதளத்தை விற்கும்போது சொன்ன குறைந்தபட்சத் தேவை, அதன் ஆயுள் முடியும்வரை மாறாமல் இருக்க வேண்டும்.

*

இதுவரை சொன்னது கணினிக்குள் நடப்பது. மென்பொருளும் மாறாமல், கணினியும் மாறாமல், ஒருநாள் காலையில் எல்லாம் நின்றுபோவதும் உண்டு. வெளியுலகம் மாறிவிட்டது என்று பொருள்.

இணையதளங்களோடு மறைகுறியில் பேச டி.எல்.எஸ். என்ற நெறிமுறை பயன்படுகிறது. எக்ஸ்.பி.யின் சொந்த நூலகத்துக்கு அதன் 1.0 பதிப்பு வரைதான் தெரியும். இன்று பெரும்பாலான தளங்கள் 1.2க்குக் கீழே பேசுவதில்லை. ஆகவே எக்ஸ்.பி.யில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பயனற்றுப் போனது. ஆனால் பயர்பாக்ஸ் தன் மறைகுறி நூலகத்தையும் நம்பகமான சான்றிதழ்களின் பட்டியலையும் தானே சுமந்து வருகிறது, இயங்குதளத்திடம் கேட்பதில்லை. அதனால் எக்ஸ்.பி.க்கான கடைசிப் பதிப்பான பயர்பாக்ஸ் 52 ஈ.எஸ்.ஆர். (நீட்டித்த ஆதரவுள்ள பதிப்பு) டி.எல்.எஸ். 1.2 பேசுகிறது. பழைய கணினிக்கு மென்பொருள் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் குணம் விலைமதிப்பற்றது. தனக்கு வேண்டியதைத் தானே கொண்டுவரும் மென்பொருள், இயங்குதளத்தை நம்பியிருக்கும் மென்பொருளைவிட நெடுநாள் உழைக்கும்.

சான்றிதழ்களுக்குக் காலாவதித் தேதி உண்டு. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்கள் நெடுங்காலம் சார்ந்திருந்த ஒரு வேர்ச்சான்றிதழ் 2021 செப்டம்பர் 30இல் காலாவதியானது. புதிய வேர்ச்சான்றிதழை அறியாத பழைய சாதனங்களில் அன்றைக்கு எண்ணற்ற தளங்கள் திறக்கவில்லை. பயர்பாக்ஸுக்குள்ளும் இப்படி ஒன்று இருந்தது. அது 2025 மார்ச் 14இல் முடிந்தது. விண்டோஸ் 7இல் 115 ஈ.எஸ்.ஆர். வைத்திருந்தவர்களில் 115.13க்கு முந்தையதில் நின்றவர்களுக்கு, துணைநிரல்கள் உள்ளிட்ட வசதிகள் அதற்குப் பிறகு சரியாக ஓடும் என்ற உறுதி இல்லாமல் போனது. பதிப்பு எண்ணில் புள்ளிக்கு முன்னால் இருப்பதை மட்டும் பார்த்து, பின்னால் இருப்பதை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

சான்றிதழ்ச் சிக்கல் என்று தோன்றும் பல கோளாறுகளுக்கு மிக எளிய காரணமும் இருக்கலாம். மதர்போர்டில் சி.ஆர். 2032 என்ற வட்டமான பேட்டரி ஒன்று இருக்கிறது. அது தீர்ந்தால் கணினி ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் பல ஆண்டு பழைய தேதிக்குப் போய்விடும். அந்தத் தேதியில் இன்றைய சான்றிதழ் எதுவும் இன்னும் நடைமுறைக்கு வந்திருக்காது. பிரவுசர் எல்லாத் தளங்களையும் சந்தேகிக்கும். பதிப்பை மாற்றும் முன், திரையின் வலது மூலையில் உள்ள கடிகாரத்தைப் பாருங்கள்.

*

இனித் தேர்வு. ஓர் எடுத்துக்காட்டுக் கணினியை எடுத்துக்கொள்வோம்: கோர் 2 டியோ ப்ராசஸர், 2 ஜி.பி. ராம், 32 பிட் விண்டோஸ் 7, சர்வீஸ் பேக் 1. இந்த நான்கு விவரங்களும் தெரியாமல் எந்த மென்பொருளையும் தேடத் தொடங்கக் கூடாது. ஸ்டார்ட் மெனுவில் வின்வர் என்று தட்டினால் விண்டோஸின் பதிப்பும் சர்வீஸ் பேக்கும் தெரியும். கம்ப்யூட்டர் ஐகானில் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் மற்றவை.

பெரும்பாலான மென்பொருள்கள் ஒரு விண்டோஸைக் கைவிடும் நாள், மைக்ரோசாப்ட் அதைக் கைவிடும் நாளை ஒட்டியே வருகிறது. இதை வெளிப்படையான விதியாகவே வைத்திருப்பது பைத்தான் மொழி. ஒரு புதிய பைத்தான் வெளியாகும் நாளில் எந்தெந்த விண்டோஸுக்கு மைக்ரோசாப்டின் நீட்டித்த ஆதரவு உயிரோடு இருக்கிறதோ, அவற்றில் அது ஓடும். எக்ஸ்.பி.யின் ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தது. அதற்குச் சில வாரம் முன் மார்ச்சில் வந்த பைத்தான் 3.4தான் எக்ஸ்.பி.க்குக் கடைசி. விஸ்டாவுக்கு 2017 ஏப்ரல் 11. அதற்கு முந்தைய டிசம்பரில் வந்த 3.6 கடைசி. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14. 2019 அக்டோபரில் வந்த 3.8 கடைசி. இரண்டு தேதிகளை அருகருகே வைத்தால் விடை கிடைத்துவிடுகிறது. எந்த மென்பொருளுக்கும் முதல் ஊகத்தை இப்படிச் செய்யலாம்.

ஊகத்தைச் சரிபார்த்தும் ஆக வேண்டும். பைத்தான் 3.8 வரிசையின் கடைசி எண் 3.8.20. ஆனால் 3.8.11இலிருந்து மூல நிரலை மட்டுமே வெளியிட்டார்கள். விண்டோஸ் இன்ஸ்டாலர் கடைசியாக வந்தது 3.8.10க்கு. ஆகவே நம் கணினிக்கு வேண்டியது 3.8.10.

பிரவுசரில் குரோம் 109தான் விண்டோஸ் 7க்குக் கடைசி. அது 2023 ஜனவரியில் வந்தது. பணம் கட்டியவர்களுக்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுகள் முடிந்ததும் அதே மாதம். குரோம் 110க்கு விண்டோஸ் 10 வேண்டும். 2023 ஜூலையில் வந்த பயர்பாக்ஸ் 115இன் ஈ.எஸ்.ஆர். கிளைக்கோ அதன் பிறகும் நெடுநாள் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்தன. ஆகவே என் தேர்வு பயர்பாக்ஸ் 115 ஈ.எஸ்.ஆர்., அதிலும் கிடைக்கும் கடைசித் திருத்தம். அலுவலகத் தொகுப்பில் லிப்ரே ஆபிஸ் 5.4 எக்ஸ்.பி.க்குக் கடைசி, விண்டோஸ் 7க்கு 25.2, ஏனெனில் 25.8 அதைக் கைவிட்டுவிட்டது. ஆனால் 2 ஜி.பி. ராமில் கடைசியைத்தான் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீட்டுக் கணக்கும் கடிதமும் எழுத ஓராண்டு ஈராண்டு முந்தைய வரிசை வேகமாக ஓடினால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

இந்த வேறுபாட்டை வலியுறுத்த விரும்புகிறேன். வெளியிலிருந்து வரும் தரவைத் திறக்கும் மென்பொருள்கள், அதாவது பிரவுசர், மின்னஞ்சல், பி.டி.எஃப். ரீடர் போன்றவை, கடைசியாகப் பொருந்தும் பதிப்பில்தான் இருக்க வேண்டும்; வேகம் குறைந்தாலும் சரி. உங்கள் கோப்புகளோடு மட்டும் வேலை செய்பவற்றில் வேகமும் பழக்கமும் முதலில் வரலாம்.

*

ஒரு மென்பொருளுக்கு ஒரு தேதி என்று இருக்கும்வரை எல்லாம் எளிது. ஆனால் மென்பொருள்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. பைத்தான் 3.8 வைத்திருப்பவர், எண் கணக்கீட்டு நூலகமான நம்பை வேண்டும் என்றால் அதன் 1.24 வரிசையோடு நிற்க வேண்டும்; 1.25க்குப் பைத்தான் 3.9 தேவை. நம்பையை நம்பியிருக்கும் இன்னொரு நூலகம் நம்பையின் புதிய பதிப்பைக் கேட்கலாம். அதைச் சமாளிக்க அந்த நூலகத்தின் பழைய பதிப்பை எடுத்தால், மூன்றாவது ஒன்று அதோடு ஒத்துப்போகாது. கல்யாணத்துக்கு நாள் குறிப்பது போலத்தான். மண்டபம், சமையல்காரர், இரு வீட்டுப் பெரியவர்கள், வெளியூர்ச் சொந்தம் என்று ஒவ்வொருவரின் வசதியையும் தனித்தனியாகக் கேட்பது சுலபம். எல்லாருக்கும் ஒத்த ஒரு நாளைக் கண்டுபிடிப்பதுதான் பாடு.

20 நூலகங்கள், ஒவ்வொன்றுக்கும் 10 பதிப்புகள் என்றால் சேர்க்கைகள் ஒன்றுக்குப் பின் இருபது சுழியம். நொடிக்கு 100 கோடிச் சேர்க்கைகளைச் சோதித்தாலும் 3,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இந்தச் சிக்கல் கணினி அறிவியலில் என்.பி. முழுமை என்ற வகையைச் சேர்ந்தது என்று நிறுவியிருக்கிறார்கள். 1971இல் ஸ்டீபன் குக், தர்க்க நிபந்தனைகளை எல்லாம் ஒருசேர நிறைவு செய்ய முடியுமா என்ற கேள்வியை ஆராய்ந்தபோது திறந்துவைத்த வகை இது. எல்லாச் சூழலிலும் வேகமாக விடை சொல்லும் வழி இதற்கு இன்றுவரை கிடைக்கவில்லை. அப்படி ஒன்று இருக்க முடியாது என்றும் யாரும் நிறுவவில்லை. ஆனால் நடைமுறையில் வரும் நிபந்தனைகள் பெரும்பாலும் அவ்வளவு சிடுக்கானவை அல்ல. ஒரு தேர்வைச் செய்து, முரண் வந்தால் அதிலிருந்து பாடம் கற்றுப் பின்வாங்கும் தீர்ப்பான்கள் சில நொடிகளில் விடை சொல்லிவிடுகின்றன. ஓபன்சூசே, ஃபெடோரா லினக்ஸ்களின் நிறுவிகளுக்குள் இத்தகைய தீர்ப்பான்தான் இருக்கிறது. பைத்தான் நூலகங்களை நிறுவும் பிப், ஒவ்வொரு பதிப்போடும் வரும் ‘எந்தப் பைத்தான் தேவை’ என்ற குறிப்பைப் படித்து, உங்களிடம் இருப்பதற்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பைத் தானே எடுத்துக்கொடுக்கும். பழைய கணினிக்காரர்களுக்கு இது பெரிய வரம். விண்டோஸில் சாதாரண மென்பொருள்களுக்கு இப்படி ஒரு பொதுப் பழக்கம் அந்தக் காலத்திலேயே வந்திருந்தால், இந்த அத்தியாயத்தின் பாதிக்குத் தேவையே இருந்திருக்காது.

லினக்ஸிலும் இதே சிக்கல் வேறு முகத்தோடு வருகிறது. ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தில் ஒவ்வொரு செயற்கூறுக்கும் அது வந்த பதிப்பின் எண் ஒட்டியிருக்கும். உபுண்டு 22.04இல் இருப்பது 2.35, 20.04இல் 2.31. முன்னதில் தொகுத்த நிரலைப் பின்னதில் ஓட்டினால் ‘ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை’ என்று வரக்கூடும். அதே நிரலின் மூலத்தைப் பழைய கணினியிலேயே தொகுத்தால் பல நேரம் ஓடிவிடும். 32 பிட் ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் டெபியன் 12ஐப் பார்க்கலாம். 2025இல் வந்த டெபியன் 13 அவற்றில் புதிதாக நிறுவுவதற்கான வழியை நிறுத்திவிட்டது.

எங்கிருந்து இறக்குவது என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பைத்தான், பயர்பாக்ஸின் மொசில்லா, வி.எல்.சி.யின் வீடியோலேன், லிப்ரே ஆபிஸ் எல்லாமே தங்கள் பழைய இன்ஸ்டாலர்களைத் தங்கள் சொந்தக் காப்பகத்தில் வைத்திருக்கின்றன. அங்கே கிடைப்பதை வேறு இடத்தில் தேட வேண்டாம். கோப்போடு எஸ்.எச்.ஏ.-256 எண் கொடுத்திருந்தால், விண்டோஸிலேயே உள்ள செர்ட்யூட்டில் கட்டளையால் உங்கள் கோப்பின் எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் விண்டோஸ் 7இன் அடித்தளத்தில் இனிக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்கப்போவதில்லை. படம் பார்க்கலாம், எழுதலாம், நிரல் கற்கலாம், பாட்டுக் கேட்கலாம். வங்கி வேலையை அதில் செய்யாதீர்கள்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாததாலோ ப்ராசஸர் பட்டியலில் இடம் பெறாததாலோ விண்டோஸ் 11க்குப் போக முடியாத நல்ல கணினிகள் ஏராளம். உங்களுடையது அவற்றில் ஒன்று என்றால் இன்றே வின்வர் தட்டிப் பதிப்பு எண்ணைக் குறித்து வையுங்கள். நீங்கள் தினமும் பயன்படுத்தும் மென்பொருள்களின் இன்ஸ்டாலர்களை, முழு எண்ணோடு கோப்புக்குப் பெயரிட்டு, ஒரு பென் டிரைவில் சேமியுங்கள். ஒவ்வொன்றும் விண்டோஸ் 10ஐக் கைவிடப்போவதாக அறிவிக்கும்போது, அதற்கு முந்தைய கடைசித் திருத்தத்தை மறக்காமல் இறக்கி அதே பென் டிரைவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.